வண்ணக் கட்டைகளும் விழும் ஆப்பிளும்

கணிப்பொறி மொழி ஒன்றைக் கற்க முற்படுவோருக்கு முதல் நாள் அனுபவம் பெரும்பாலும் இனிமையாக அமைவதில்லை. சி மொழியில் பத்து வரிகள் எழுதி, ஒரு வரியின் இறுதியில் வரவேண்டிய அரைப்புள்ளியை விட்டுவிட்டால் போதும்; கணிப்பொறி பிழை, பிழை என்று முறையிடும். அதுவும் பிழை நேர்ந்த வரியைச் சுட்டாமல், பல வேளைகளில் அதற்கு அடுத்த வரியைச் சுட்டும்! மாணவரின் எண்ணத்தில் பிழையில்லை, எழுத்தில்தான் பிழை. ஆயினும் அவர் தம் கணக்கே தவறோ என்று மயங்கிப் போவார். எழுத்துப் பிழை வேறு, எண்ணப் பிழை வேறு. இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் நமக்கு அது தேவைப்படும்.

எழுத்துப் பிழையே நேர முடியாதபடி ஒரு கருவியைச் செய்தால் என்ன? அப்படிச் செய்யப்பட்டதுதான் ஸ்கிராட்ச். அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வுக்கூடத்தில், மிட்செல் ரெஸ்னிக் என்பவரின் தலைமையில் இயங்கிய குழு இதனை உருவாக்கி 2007இல் வெளியிட்டது. இசைத்தட்டை விரலால் முன்னும் பின்னும் தேய்த்துப் புதிய ஒலிகளை எழுப்பும் கலைஞர்களின் முறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரையே இக்கருவிக்குச் சூட்டினார்கள். இப்பொழுது வழங்கும் மூன்றாம் பதிப்பு 2019 சனவரியில் வந்தது. விலை ஏதும் இல்லை. இணையத்திலேயே இயக்கலாம், இணையம் இல்லாத இடத்தில் பயன்படுத்தத் தனியாக நிறுவியும் கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2019இல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் இறுதிப் பாடத்திலும் இதன் அறிமுகம் இடம்பெற்றது. ஆகவே உங்களுள் சிலருக்குப் பெயராவது பழக்கமானதாக இருக்கும். பெயரை அறிவது எளிது. திறந்து பார்த்தால் என்ன தோன்றுகிறது என்பதல்லவா கேள்வி!

திரையில் என்ன இருக்கிறது?

பல ஆண்டுகளாகப் பௌதிகம் கற்பிக்கும் நான், பள்ளி மாணவர்களுக்குப் பயன்படுமா என்று பார்க்கும் நோக்குடன் இதை முதன்முதலாகத் திறந்தேன். திரையின் வலப்புற மேல்பகுதியில் ஒரு சிறு மேடை. அதன் நடுவில் ஆரஞ்சு நிறப் பூனை ஒன்று நிற்கிறது. இடப்புறத்தில் பல வண்ணக் கட்டைகள். இடையில் ஒரு வெற்றிடம். இடப்புறக் கட்டைகளைச் சுட்டியால் இழுத்துவந்து இவ்வெற்றிடத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால், அந்த அடுக்கே நிரல். மேடைக்கு மேலுள்ள பச்சைக் கொடியைச் சொடுக்கினால் நிரல் ஓடும். சிவப்புக் குறியைச் சொடுக்கினால் நிற்கும்.

கட்டைகள் 9 வகை. இயக்கத்துக்கு நீலம், தோற்றத்துக்கு ஊதா, கணிதச் செயல்களுக்குப் பச்சை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஆயினும் என் மனத்தைக் கவர்ந்தது நிறமன்று, வடிவம். “10 அடி நகர்” என்ற பொருளுடைய கட்டையின் மேல்விளிம்பில் ஒரு பள்ளமும், கீழ்விளிம்பில் ஒரு மேடும் உள்ளன. ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளத்தில் அமரும். “பச்சைக் கொடி சொடுக்கப்பட்டால்” என்ற கட்டையின் தலை வளைந்திருக்கிறது. அதற்கு மேலே எதையும் வைக்க இயலாது. ஏனெனில் அதுவே தொடக்கம். “என்றென்றும் செய்” என்ற கட்டையின் அடிப்பகுதியோ வெறுமையாக, மேடின்றி இருக்கிறது. ஏன்? முடிவில்லாமல் ஓடும் ஒரு வேலைக்குப் பின் அடுத்த வேலை என்று ஒன்று வரவே முடியாதல்லவா? தருக்க நூலில் ஒரு பத்தி எழுதி விளக்க வேண்டிய செய்தியை ஒரு மரத்தச்சன் போல் வடிவத்திலேயே செதுக்கிவிட்டார்கள்.

இன்னும் ஒன்று. எண்ணைத் தரும் கட்டைகள் முட்டை வடிவம். “ஆம், இல்லை” என்று விடை தரும் கட்டைகள் அறுகோண வடிவம். “இப்படியானால்” என்ற கட்டையில் ஓர் அறுகோணக் குழி இருக்கிறது. அதில் எண்ணைச் செருகிப் பாருங்கள், அமராது. “மழை பெய்தால் குடை எடு” என்பது வாக்கியம்; “ஏழு ஆனால் குடை எடு” என்பது வாக்கியமாகுமா? ஆகாத வாக்கியத்தை அமைக்கவே முடியாது. ஆகவே, சி மொழி தொடக்க மாணவரிடம் ஓயாமல் எழுப்பும் அந்தப் பிழை முறையீடு இங்கே எழுவதே இல்லை.

எனினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். கணித வகுப்பில் கோணத்தை வலப்புறக் கிடைக்கோட்டிலிருந்து தொடங்கி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அளக்கிறோம். ஸ்கிராட்சில் 0 என்றால் மேல்நோக்கி. 90 என்றால் வலப்புறம். கோணம் கடிகார முள் செல்லும் திசையில் வளர்கிறது. மாலுமிகள் திசைகாட்டியை வாசிக்கும் முறை இது. 1967இல் சேமூர் பேப்பர்ட்டும் அவருடைய தோழர்களும் குழந்தைகளுக்கென உருவாக்கிய லோகோ மொழியில், எழுதுகோல் பொருத்திய ஓர் ஆமை ஊர்ந்து படம் வரையும். அந்த ஆமைக்கும் இதே வழக்கம்தான். அடியெடுத்து நடக்கும் ஆமைக்கு இது பொருத்தமே. ஆனால் சைன், கோசைன் படிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு இது குழப்பத்தைத் தரும். எங்கும் எச்சரிக்கையும் இல்லை. மேடை 480 அலகு அகலம், 360 அலகு உயரம், ஆதிப்புள்ளி நடுவில். இதுமட்டும் நம் வரைபடத் தாளோடு முற்றிலும் ஒத்துப்போகிறது. மூலைக்கு மூலை ஓடி ஆயத்தொலைவுகளைப் பழக இதைவிட நல்ல இடமில்லை.

பாடங்கள் எப்படி?

மேல்பட்டையில் பாடங்களுக்கென ஒரு பொத்தான் இருக்கிறது. அதைச் சொடுக்கினால் பெயரை ஆடவைத்தல், கதை சொல்லுதல், துரத்தும் விளையாட்டு என்று பல பாடங்கள் படத்துடன் வரிசையாக வரும். ஒன்றைத் தேர்ந்தால் சிறு அட்டை ஒன்று வெற்றிடத்தின்மேல் மிதக்கும். எந்தக் கட்டையை எங்கே கொண்டுபோய்ப் பொருத்துவது என்பதைக் காட்டும் படம் அதில் இருக்கும். சொற்கள் ஒரு வரிக்கு மேல் இல்லை. பார்த்தபடி செய்துவிட்டு அம்புக்குறியைத் தட்டினால் அடுத்த அட்டை. நூலைக் கையில் வைத்துக்கொண்டு திரைக்கும் பக்கத்துக்குமாகத் தலையைத் திருப்பும் வேலை மிச்சம். பத்து நிமிடத்தில் பூனை நடக்கிறது, பேசுகிறது. இதில் கிடைக்கும் மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிடலாகாது. பல மாணவர்கள் முதல் வாரத்திலேயே கணிப்பொறிப் பாடத்தை வெறுத்துவிடுவதற்குக் காரணம், அந்த வாரத்தில் திரையில் எதுவுமே அசையாததுதான்.

ஆனால் அட்டைகள் “இதைச் செய்” என்கின்றன. “ஏன்” என்று சொல்வதில்லை. சொன்னபடி அடுக்கியவர் வெற்றி பெறுகிறார். வெற்றி பெற்றதனாலேயே தமக்குப் புரிந்துவிட்டது என்று கருதுகிறார். இது எனக்குச் சற்றுக் கவலை தருகிறது. ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன்.

ஸ்கிராட்ச் குழுவினர் அச்சிட்டுக்கொள்ளத்தக்க பயிற்சி அட்டைகளையும் வெளியிட்டிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று, மேலிருந்து விழும் ஆப்பிளைக் கிண்ணத்தில் பிடிக்கும் விளையாட்டு. ஆப்பிள் எவ்வாறு விழுகிறது தெரியுமா? “என்றென்றும் செய்” என்ற கட்டைக்குள் அதை விழவைப்பது ஒரே ஓர் ஆணை: ஒய் மதிப்பை -5 மாற்று. அவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றிலும் 5 அலகு கீழே வரும். ஸ்கிராட்சில் இத்தகைய சுற்று நொடிக்கு 30 முறை நிகழும். ஆகவே ஆப்பிள் நொடிக்கு 150 அலகு வீதம், மேடையின் உச்சியிலிருந்து அடிவரை சுமார் 2.4 நொடியில், ஒரே சீரான வேகத்தில் இறங்கிவருகிறது.

நியூட்டனை நினைவூட்டும் பழம், நியூட்டனின் விதிக்கு மாறாக விழுகிறது! விளையாட்டுக்கு இது போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணிப்பொறி இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கட்டை பொருந்தியது, நிரல் ஓடியது. எழுத்துப் பிழையைத் தடுக்கும் அந்த அழகிய பள்ளமும் மேடும் எண்ணப் பிழையைத் தடுக்கவில்லை.

ஆப்பிளை ஒழுங்காக விழவைப்போம்

இனி அட்டையை மூடிவிடுங்கள். மாறிகள் பகுதிக்குச் சென்று “வேகம்” என்ற பெயரில் ஒரு மாறியை உருவாக்குங்கள். பெயரைத் தமிழிலேயே இடலாம். பச்சைக் கொடிக் கட்டையின்கீழ், எக்ஸ் 0, ஒய் 0 என்ற இடத்துக்குப் போ என்றும், வேகத்தை 0 ஆக்கு என்றும் வையுங்கள். அதன்கீழ் “10 முறை திரும்பச் செய்” என்ற கட்டை. அதன் வயிற்றுக்குள் இரண்டே ஆணைகள்: முதலில் வேகத்தை -1 மாற்று; அடுத்து ஒய் மதிப்பை வேகம் அளவுக்கு மாற்று. இயக்கப் பகுதியின் அடியில் ஒய் இருப்பிடத்தைக் காட்டும் முட்டைக் கட்டை ஒன்று உள்ளது. அதன் அருகிலுள்ள சிறு பெட்டியில் குறியிட்டால் அதன் மதிப்பு மேடையிலேயே தெரியும்.

கொடியைச் சொடுக்குங்கள். ஆப்பிள் கண்ணெதிரே விரைந்து விழுகிறது; உண்மையாகவே விழுவது போலிருக்கிறது. ஒய் மதிப்பு -55 என்று காட்டும்.

இப்பொழுது வயிற்றுக்குள் இருக்கும் இரண்டு கட்டைகளையும் இடம் மாற்றுங்கள். முதலில் ஒய் மாற்றம், பிறகு வேக மாற்றம். வேறெதையும் தொடவேண்டாம். மீண்டும் கொடி. இம்முறை -45!

அதே ஆப்பிள், அதே ஈர்ப்பு, அதே 10 சுற்று; விடை மட்டும் இரண்டு. எது சரி? கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே விழுகின்றன. கருவியும் இரண்டையும் மறுப்பின்றி ஏற்றுக்கொள்கிறது. ஆகவே, தாளும் பென்சிலும் எடுக்கவேண்டியதுதான். ஓய்வுநிலையிலிருந்து விழும் பொருள் கடக்கும் தூரம், முடுக்கத்தில் பாதியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கிய அளவு. இங்கே முடுக்கம் 1, நேரம் 10 சுற்று. 100இல் பாதி, 50. இரண்டு விடைகளும் தவறு. ஒன்று 5 கூடுதல், மற்றது 5 குறைவு.

காரணம் இதுதான். உண்மை உலகில் விழும் பொருளின் வேகம் கணந்தோறும், இடைவிடாமல் வளர்கிறது. கணிப்பொறியோ வேகத்தைப் படிப்படியாக ஏற்றுகிறது. முதல் வரிசையில், ஒவ்வொரு சுற்றின் இறுதியில் வரவேண்டிய வேகத்தைச் சுற்றின் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டோம். எனவே சுற்றுகளில் கடந்த தூரங்கள் 1, 2, 3, 4 என்று சென்று கூட்டுத்தொகை 55 ஆயிற்று. இரண்டாம் வரிசையில், தொடக்கத்தில் இருந்த வேகத்தையே சுற்று முழுவதும் வைத்துக்கொண்டோம். தூரங்கள் 0, 1, 2, 3, கூட்டுத்தொகை 45. தொடக்க வேகத்தையும் இறுதி வேகத்தையும் கூட்டிப் பாதியாக்கி, அச்சராசரியை நேரத்தால் பெருக்கவேண்டும் என்பது ஒன்பதாம் வகுப்புப் பாடமல்லவா? அதையே கட்டைகளால் செய்வோம். ஒய் மதிப்பை வேகத்தில் பாதியளவு மாற்று. வேகத்தை -1 மாற்று. மறுபடியும் ஒய் மதிப்பை வேகத்தில் பாதியளவு மாற்று. வகுத்தல் கட்டை பச்சைப் பகுதியில் இருக்கிறது.

விடை -50. துல்லியமாக!

இத்துடன் விட மனமில்லை. 10 சுற்றிலும் ஆப்பிள் கடந்த தூரங்களைத் தனித்தனியே எழுதுங்கள்: 0.5, 1.5, 2.5, 3.5... இவற்றின் விகிதம் 1:3:5:7. சாய்தளத்தில் உருண்டைகளை உருட்டிப் பார்த்த கலிலியோ, சமமான காலங்களில் கடக்கும் தூரங்கள் ஒற்றைப்படை எண்களைப் போல் வளர்கின்றன என்று 1638இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அந்த வரிசை இதோ நம் மேடையில் நிற்கிறது. முந்தைய இரு வரிசைகளிலும் இது வரவில்லை.

சராசரி எடுக்காமலே பிழையைக் குறைக்கலாமா? குறைக்கலாம். படிகளைச் சிறிதாக்குங்கள். 10 சுற்றுக்குப் பதில் 100 சுற்று. வேக மாற்றம் -1க்குப் பதில் -0.01. விடைகள் -50.5, -49.5 என்று வரும். பத்தில் ஒரு பங்காக இருந்த பிழை நூற்றில் ஒரு பங்காகிவிட்டது. வானிலையைக் கணிக்கும் பெரிய கணிப்பொறிகளும், செயற்கைக்கோளின் பாதையைக் கணக்கிடும் நிரல்களும் இதுபோலவே காலத்தைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கித்தான் வேலை செய்கின்றன. துண்டின் அளவு எவ்வளவு இருக்கவேண்டும், துண்டுக்குள் எதை முதலில் கணக்கிடுவது என்பவை அங்கும் உள்ள கேள்விகள். அங்கு 50க்குப் பதில் 55 வந்தால் விளையாட்டு என்று விட்டுவிட முடியாது.

மற்றொரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். சுற்றுக்குச் சுற்று வேகம் 1 அலகு கூடுகிறது. நொடிக்கு 30 சுற்று. ஆகவே முடுக்கம் நொடிக்கு நொடி 900 அலகு. இதைப் பூமியின் 9.8 மீட்டருக்குச் சமமாக்கினால், 1 மீட்டர் என்பது ஏறத்தாழ 92 அலகு. அப்படியானால் 360 அலகு உயரமுள்ள மேடை சுமார் 3.9 மீட்டர்; பழைய பள்ளிக் கட்டடங்களில் காணும் உயரமான வகுப்பறை ஒன்றின் அளவு. நிலவில் ஆப்பிளைப் போட விரும்புவோர் வேக மாற்றத்தை -1க்குப் பதில் ஆறில் ஒரு பங்காக வைத்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: பழைய, வேகம் குறைந்த கணிப்பொறிகளில் நொடிக்கு 30 சுற்று ஓடாமற் போகலாம். ஆகவே நொடிகளை எண்ணாமல் சுற்றுகளை எண்ணுவதே நன்று. கைப்பேசியின் சிறு திரையும் இவ்வேலைக்கு ஏற்றதன்று.

இறுதியாக, அந்தப் பயிற்சி அட்டைக்கு நியாயம் வழங்கிவிடுவோம். ஒரே வேகத்தில் விழும் பொருள் உலகில் இல்லவே இல்லையா? இருக்கிறது. மழைத்துளி! ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து காற்றின் தடையின்றி விழுந்தால் ஒரு துளி தரையை அடையும்போது நொடிக்கு 140 மீட்டர் வேகம் பெற்றிருக்கும். உண்மையில் மிகப் பெரிய துளியும் நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்துக்கு மேல் போவதில்லை. வேகம் கூடக் கூடக் காற்றின் தடையும் கூடி, ஈர்ப்புக்குச் சமமாகிவிடுகிறது. அதன்பின் துளி சீரான வேகத்தில் இறங்குகிறது.

இதையும் மேடையில் காணலாம். முன்பு செய்த “வேகத்தை -1 மாற்று” என்ற கட்டைக்கு மேலே மற்றொரு கட்டையைச் செருகி, அதில் முந்தைய வேகத்தின் 0.2 பங்கைத் தடையாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும். கணக்கை எழுதினால் வேகம் 0, -1, -1.8, -2.44 என்று போகும். முதலில் தாவி, பிறகு தயங்கித் தயங்கி ஏறும். 10 சுற்றில் -4.46, 20 சுற்றில் -4.94. அதன்பின் எத்தனை சுற்று ஓடினாலும் -5ஐத் தாண்டாது. அட்டையில் இருந்த அதே -5! -1 என்ற ஈர்ப்பும் 0.2 என்ற தடையும் எங்கே சமமாகின்றன என்று பார்த்தால் 5 ஏன் வந்தது என்பது விளங்கும். நிலவில் காற்றே கிடையாது, அங்கே 0.2க்குப் பதில் எந்த எண்ணை வைக்கவேண்டும் என்று உங்களுக்கே தெரியும். தடை வேகத்துக்கு நேர்விகிதத்தில் இல்லாமல், அதன் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருந்தால் இறுதி வேகம் என்னவாகும்? பெரிய மழைத்துளிகளுக்கு அதுவே பொருத்தம். ஒரேயொரு பெருக்கல் கட்டை கூடுதலாக வேண்டும். குறியை எங்கே மாற்றவேண்டும் என்பதில் மட்டும் கவனமாக இருங்கள். தவறினால் துளி மேடையின் அடியை நோக்கிக் கட்டுக்கடங்காமல் பாய்ந்துவிடும். கருவி அப்பொழுதும் வாய் திறவாது.